வானத்தில் தெரிந்தது என்ன? நெல்லைச் சீமைக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

வானத்தில் எதையோ பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறவர்கள் முதலில் சொல்வது அளவைத்தான். "அண்ணாச்சி, ஒரு பஸ் தண்டி இருக்கு." அடுத்தது தூரம். "நம்ம குளத்துக்கு அந்தப் பக்கம், கிட்டத்துலதான்." மூன்றாவது வேகம். இந்த மூன்றும் எதற்கும் உதவாது. இருட்டில் தனியாகத் தெரியும் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து, அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவு என்று சொல்ல மனிதக் கண்ணுக்கு வழியே இல்லை. இரண்டு கண்களையும் வைத்து ஆழம் பார்க்கும் திறமை சில நூறு மீட்டருக்குள் தீர்ந்துபோகும். அதற்கு அப்பால் கல்யாண வீட்டு டிரோனும் வெள்ளிக் கிரகமும் ஒரே மாதிரி ஒரு புள்ளிதான்.

ஆகவே அளவையும் தூரத்தையும் வேகத்தையும் ஓரமாக வையுங்கள். நேரம், திசை, உயரம் மட்டும் இருந்தால் பெரும்பாலான புகார்களை உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

நேரத்தைப் போனில் பார்த்து மணி, நிமிஷமாக எழுதுங்கள். "பொழுதடைஞ்ச பொறவு" என்பது போதாது. திசைக்கு நெல்லைக்காரர்களுக்குத் திசைகாட்டியே வேண்டாம்: மேற்கே மலை, கிழக்கே கடல். உயரத்துக்குக் கையை முழுக்க நீட்டுங்கள். மூடிய முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. ஒரு சாண் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கூட. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. சிறுபிள்ளைக்கும் இதே கணக்குதான். கை சின்னதானால் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரமும் சின்னது.

அப்புறம் ஒரு சோதனை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தை ஒரு பனையின் உச்சிக்கோ மின்கம்பத்தின் முனைக்கோ நேராக வைத்து நான்கு நிமிஷம் பாருங்கள். பூமி சுழல்வதால் விண்மீனும் கிரகமும் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அகலம் மேற்கே நகரும். உங்கள் பொருளும் அப்படியே நகர்ந்தால் அது வானத்துக்குச் சொந்தமானது. பாதி ஆட்கள் இந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார்கள்.

"மேற்கே மலைக்கு மேல ஒண்ணு நிக்குது, அப்புறம் இறங்கிட்டுது"

வெள்ளி. சூரியனையும் நிலாவையும் விட்டால் வானத்தில் வழக்கமாகத் தெரிகிறவற்றில் இதைவிடப் பிரகாசமானது இல்லை. பூமியிலிருந்து பார்க்க அது சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் சாயங்காலமானால் மேற்கில்தான், விடியற்காலமானால் கிழக்கில்தான் தெரியும். நடுராத்திரியில் தலைக்கு மேல் நின்றால் அது வெள்ளி இல்லை.

நெல்லையில் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் 8.7 டிகிரி வட அட்சத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சாய்வாகச் சறுக்கி மறையும் கிரகம் நமக்குக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும். மலையை நெருங்க நெருங்கப் புழுதியும் ஈரமும் கலந்த காற்று வழியாக அதன் ஒளி வர வேண்டியிருப்பதால் நிறம் ஆரஞ்சாகும், மினுங்கும், கடைசியில் முகட்டுக்குப் பின்னால் சட்டென்று அணையும். பார்க்கிறவருக்கு அது "பாபநாசம் அணைப் பக்கம் இறங்கிட்டு" என்றுதான் படும்.

சரிபார்க்க: மறுநாள் அதே நேரம், அதே இடத்தில் நின்று பாருங்கள். திரும்பவும் அங்கேயே இருந்தால் வெள்ளிதான், வாரக்கணக்கில் இருக்கும். விடிவெள்ளியைத் தெரியாத ஆள் நம் ஊரில் இல்லை. அதே வெள்ளி சாயங்காலம் மேற்கே வந்தால் மட்டும் அன்னியனாகிவிடுகிறது, அதுதான் வேடிக்கை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் ஓர் ஏரிக்கு மேலே தெரிந்த வெளிச்சங்களை உளவு டிரோன்கள் என்று சந்தேகித்து 329 முறை பதிவு செய்தார்கள். பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து வானியலாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரிந்தது. உயரமான இடம், தெளிந்த காற்று. அங்கே கிரகங்கள் இன்னும் பளிச்சென்று தெரியும்.

சாயங்காலம் கிழக்கே கடல் பக்கமிருந்து பெரிய வெளிச்சம் எழுந்தால் வியாழனைச் சந்தேகியுங்கள். ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை அது அப்படிச் சூரியனுக்கு நேர் எதிரே வரும். செக்கச் சிவப்பாக இருந்தால் செவ்வாய். அதன் முறை 26 மாதத்துக்கு ஒருமுறை.

"பச்சை, சிவப்பு, நீலம்னு மாறி மாறி அடிக்குது"

இது கிரகம் இல்லை, விண்மீன். மார்கழி முன்னிரவில் கிழக்குக்குக் கொஞ்சம் தெற்கே எழும் சிரியஸ்தான் முதல் சந்தேக நபர். வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் அது. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி கனமான, கலங்கிய காற்று வழியாக வருகிறது. காற்றின் சூட்டு வேறுபாடுகள் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கணமும் சற்று வேறு பக்கம் வளைத்துவிடுவதால் நிறம் மாறி மாறித் தெரியும். இரண்டு மணி நேரம் பொறுத்து அது உயரே ஏறியதும் பாருங்கள், வெள்ளையாக அடங்கியிருக்கும்.

இரண்டாவது ஆள் நம்ம ஊர்க்காரர், அகத்தியர். கனோபஸ் என்கிற அந்த விண்மீன் பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது. நெல்லையிலிருந்து அது எவ்வளவு ஏறினாலும் தெற்கு அடிவானத்துக்கு மேல் மூன்று முஷ்டிக்குள்தான், சுமார் 28 டிகிரி. அதனால் ராத்திரி முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்கும். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் நேர் தெற்கே நிற்கும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கமிருந்து "மகேந்திரகிரிக்குப் பக்கத்துல ஏதோ எரியுது" என்று வருகிற பேச்சுக்குப் பலமுறை இவர்தான் காரணம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைத் தமிழாக்கிப் போடுகிறவர்கள் இவரை விட்டுவிடுவார்கள். அங்கே பெரும்பகுதிக்கு அவர் எழுவதே இல்லை.

"நின்ன இடத்துல ஆடுது, குதிக்குது"

பனை உச்சிச் சோதனையைச் செய்யாமல் இதைச் சொல்லாதீர்கள். சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாத இருட்டில் ஒற்றைப் புள்ளியை முறைத்துக்கொண்டே இருந்தால் அது தானாக நகர்வதுபோல் தெரியும். நகர்வது நம் விழிதான், மிக நுட்பமாக. 1799இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் என்ற பெரிய இயற்கை ஆய்வாளரே இதைப் பார்த்துவிட்டு, விண்மீன்கள்தான் உண்மையில் ஆடுகின்றன என்று எண்ணினார். பத்துப் பேர் மொட்டைமாடியில் நின்று "அந்தா இடப்பக்கம் போவுது" என்று ஒருவர் சொன்னால் மற்ற ஒன்பது பேருக்கும் இடப்பக்கமே போகும். ஆட்கள் கூடக் கூடச் சாட்சி பலப்படும் என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

மெல்லிய மேகம் ஓடும் இரவிலும் இதே ஏமாற்று நடக்கும். மேகம் ஒரு பக்கம் போக, விண்மீன் மறுபக்கம் பறக்கும்.

"நாங்குநேரியில இருந்து எங்க கூடவே வந்துச்சு"

வண்டியை நிறுத்துங்கள். அதுவும் நின்றுவிட்டால் அது நிலாவோ கிரகமோதான். பக்கத்துப் பனைகள் பின்னால் ஓடும், ரொம்பத் தூரத்தில் இருப்பது ஓடாது.

"பட்டப்பகலில், மலைக்கு மேல தட்டு"

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது கண் மயக்கம் இல்லை, உண்மையாகவே தட்டு வடிவத்தில் ஒரு பொருள் அங்கே இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறி, முகட்டைத் தாண்டி நம் பக்கம் விழுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே மாதங்கள். காற்று பலமாகவும் அதன் அடுக்குகள் நிலையாகவும் இருக்கிற நாட்களில், மலையைத் தாண்டிய காற்று சமனாகப் போகாமல் மேலும் கீழுமாக அலையடித்துக்கொண்டு போகும். தாமிரபரணியில் பாறையைத் தாண்டுகிற தண்ணீரைப் பாருங்கள்: தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாறைக்குப் பின்னால் எழும்பிய அலை மட்டும் அதே இடத்தில் நிற்கும். காற்று அலையின் உச்சிக்கு ஏறும்போது குளிர்ந்து அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. இறங்கும்போது சூடாகி மேகம் கரைகிறது. ஒரு முனையில் பிறந்து மறுமுனையில் அழிந்துகொண்டே இருப்பதால் மேகம் நகராது. ஓரங்கள் வழவழவென்று செதுக்கினதுபோல் இருக்கும். சிலசமயம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு. லென்ஸ் மேகம் என்று சொல்வார்கள்.

சரிபார்க்க: கீழே சில்லறை மேகங்கள் ஓடும்போது இது மட்டும் நிற்கிறதா? பத்து நிமிஷத்தில் ஓரம் கொஞ்சமாவது மாறியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் முடிந்தது. பொழுது விழுந்த பிறகு பார்த்தால் பயம் கூடும். தரையில் இருட்டியும் அந்த உயரத்தில் வெயில் மிச்சம் இருப்பதால் அது மட்டும் செம்மஞ்சளாகத் தகதகக்கும். மலை முகட்டை ஒட்டியே தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருப்பதும் இதன் உறவுதான். அதை நம் ஊரில் யாரும் தட்டு என்று சொல்வதில்லை, தினம் பார்த்துப் பழகிவிட்டது.

"பறக்கும் தட்டு" என்ற பேச்சு தொடங்கியதும் ஒரு மலைக்குப் பக்கத்தில்தான். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ஒன்பது பொருள்களைப் பார்த்ததாகச் சொன்னார்; பத்திரிகைகள் தட்டு என்று பெயர் வைத்தன. அந்த மலையும் லென்ஸ் மேகத்துக்குப் பேர்போனது. ஆனால் அவர் பார்த்தது அந்த மேகம்தான் என்று முடித்துவிடுவது சரியில்லை என்பது என் கட்சி. அவை படுவேகமாகப் பறந்தன என்றார், லென்ஸ் மேகம் பறக்காது. விளக்கம் அறிகுறிக்குப் பொருந்த வேண்டும், ஏதோ ஒரு விளக்கம் கிடைத்தால் போதும் என்று இருக்கக் கூடாது.

"சூரியனைச் சுத்தி வட்டம், பக்கத்துல ரெண்டு குட்டிச் சூரியன்"

முதலில் சூரியனை ஒரு தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பாருங்கள். நேராகப் பார்க்கக் கூடாது. பிறகு சாணை வையுங்கள். சூரியனிலிருந்து வட்டம் ஒரு சாண் தள்ளி இருந்தால் அது 22 டிகிரி ஒளிவட்டம். "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்று பெரியவர்கள் சொல்வதில் எட்ட வட்டம் இதுதான்.

காரணம் ஐஸ். நெல்லை வெயிலில் ஐஸா என்று கேட்கலாம். நம் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டர் ஏறினாலே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அதற்கும் மேலே இருக்கிற மெல்லிய மேகத்தில் ஆறுபக்கப் பனிப் படிகங்கள் மிதக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து திரும்பும் ஒளி 22 டிகிரியில் குவிகிறது. தட்டையான படிகங்கள் இலை விழுவதுபோல் படுத்தவாக்கில் மிதந்தால் சூரியனுக்கு இரண்டு பக்கமும், அதே உயரத்தில், உள்பக்கம் சிவந்த குட்டிச் சூரியன்கள் தெரியும். காலையும் மாலையும்தான் இவற்றுக்கு நேரம், உச்சிவெயிலில் வராது. நிலாவுக்கும் இதெல்லாம் உண்டு.

"கிழக்கே கடலுக்குள்ள இருந்து வெளிச்சக் கத்தை வருது, சூரியனோ மேற்கே!"

மலைக்கு மேல் நிற்கும் மேகங்களின் நிழல்கள் வானம் முழுக்கத் தாண்டிக் கிழக்கே போய்க் குவிவதுபோல் தெரிவது இது. உண்மையில் அவை இணைகோடுகள், தண்டவாளம் தூரத்தில் சேர்வதுபோலத் தெரிவது தோற்றம்தான். முதுகுப் பக்கம் திரும்பி மலையைப் பாருங்கள், அதே கற்றைகளின் மறுமுனை அங்கே இருக்கும்.

"தீப்பிழம்பு ஒண்ணு வந்து அம்பாசமுத்திரத்துல விழுந்துட்டு"

எத்தனை விநாடி தெரிந்தது? ஓரிரு விநாடி என்றால் எரிநட்சத்திரம். விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் நுழையும் சிறு கல் அல்லது தூசு, தரைக்கு மேல் 80 கிலோமீட்டருக்குக் கீழே வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஜெமினிட் என்ற எரிநட்சத்திரப் பொழிவு உச்சமாகும் டிசம்பர் 13, 14 தேதிகளில், வடகிழக்குப் பருவமழை மேகம் விலகியிருந்தால், நிறையப் பார்க்கலாம்.

விழுந்த இடத்தைத் தேடிப் போகாதீர்கள். அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் அது அணைந்தது என்றால், 90 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அது உங்களிடமிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் நின்று மேற்கே பார்த்தால் அம்பாசமுத்திரம், மலை, கேரளம் எல்லாம் தாண்டி அரபிக்கடல். பெரிய பிழம்பானால் சில நிமிஷம் கழித்து இடி மாதிரி ஒரு சத்தம் வரலாம். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தால் அது பக்கத்துத் தெரு வாணம்.

அரை நிமிஷத்துக்கு மேல் மெதுவாக ஊர்ந்து, துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டு போனால் அது ராக்கெட் பாகமோ பழைய செயற்கைக்கோளோ எரிந்து விழுவது. சீராக, மினுங்காமல், சில நிமிஷத்தில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். மணி கோத்ததுபோல் வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க். 2019 மே மாதத்திலிருந்து இந்த ஊர்வலம் நடக்கிறது. இவை இயற்கை இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை. ஒன்று மட்டும்: குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நெல்லையிலிருந்து பறவைப் பாதையில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். அங்கே அந்திநேரத்தில் ஒன்றை ஏவினால், தரை இருண்டபின் மேலே வெயில்படும் புகை வானத்தில் விசிறியாக விரியும். அன்றைக்குப் போன் ஓயாது.

"சத்தமே இல்லாம மினுக் மினுக்குன்னு வானம் அடிக்குது"

ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். இடிச்சத்தம் சாதாரணமாக இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மின்னல் வெளிச்சம் இரவில் நூறு கிலோமீட்டர் தாண்டியும் தெரியும். மன்னார் வளைகுடா மேல் நிற்கும் மழைமேகம் உள்ளுக்குள் எரிந்து அணைவதை உவரி, மணப்பாடு கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மேகத்துக்கு மேலே, கண் சிமிட்டும் நேரத்தில் சிவப்பாக ஒன்று பாய்ந்து மறைந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஸ்பிரைட் என்ற அந்த மேல்மின்னலை 1989இல்தான் முதன்முதலில் படமெடுத்தார்கள்.

"வானத்துல விளக்கு வரிசை"

அந்தத் திசையைப் பகலில் போய்ப் பாருங்கள். அமாவாசை இருட்டில் மலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் மலைச்சரிவில் எரிவதெல்லாம் வானத்தில் எரிவதாகவே படும். மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீ இப்படி வளைந்த ஒளிக்கோடாகத் தெரியும். கடற்கரையில் அடிவானம் மறைந்த இரவில் படகு விளக்குகள் அந்தரத்தில் தொங்கும். பணகுடி, ராதாபுரம் பக்கமானால் காற்றாலைகளின் சிவப்பு விளக்கையும் கணக்கில் எடுங்கள்.

மங்கலான புள்ளிகள் சத்தமில்லாமல் ஆங்கில எழுத்து வி வடிவில் போனால், குளிர்காலமா என்று பாருங்கள். கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வந்திருக்கும் நேரம் அது. ஊர் வெளிச்சம் பறவைகளின் வெளிறிய அடிவயிற்றில் பட்டுத் தெரிவது உண்டு.

"மேற்கே மங்கலா ஒரு கூம்பு, ஊர் வெளிச்சமும் இல்லை"

பிப்ரவரி, மார்ச்சில், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, தேரிக்காடு மாதிரி கும்மிருட்டான இடத்திலிருந்து மட்டும். கிரகங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் தூசியில் படும் சூரிய ஒளி அது. வெள்ளி நேராக இறங்கும் அதே காரணத்தால் நமக்கு இந்தக் கூம்பும் நிமிர்ந்து நிற்கும். பயப்படாமல் ரசியுங்கள், நகரத்தில் வாய்க்காது.

"கண்ணுக்குத் தெரியலை, போட்டோவுலதான் இருக்கு"

அப்படியானால் அது போனுக்குள் இருக்கிறது. படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். மறுபக்கம், அதே தூரத்தில், தெருவிளக்கோ நிலாவோ இருந்தால் லென்ஸுக்குள் பட்டுத் திரும்பிய ஒளி. புள்ளியான வெள்ளியைப் பெரிதாக்கிப் படமெடுத்தால் போக்கஸ் தவறி வட்டத் தட்டாகும், அதற்குள் "ஜன்னல்" கூடத் தெரியும். பிளாஷ் போட்ட படத்தில் மிதக்கும் உருண்டைகள் தூசியும் பூச்சியும். வீடியோவில் பொருள் கோணல்மாணலாகப் பாய்ந்தால் அதே நேரம் மற்ற விளக்குகளும் பாய்கிறதா என்று பாருங்கள். பாய்ந்தால் உங்கள் கை நடுங்கியிருக்கிறது.

எதிலும் அடங்கவில்லை என்றால்

தென்காசியில் சொந்தக்காரர் யாரும் உண்டா? உடனே கூப்பிடுங்கள். நீங்கள் பாளையங்கோட்டையில், அவர் தென்காசியில், நடுவே ஐம்பது கிலோமீட்டர். "மாமா, மொட்டைமாடிக்குப் போய் அது எந்தத் திசையில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க." உண்மையிலேயே அம்பாசமுத்திரத்துக்கு மேல் ஒன்று நின்றால், உங்களுக்கு அது மேற்கே தெரியும், அவருக்குத் தெற்கே, சற்றுக் கிழக்கு சாய்ந்து தெரியும். அவரும் "மேற்கேதாம்ல, மலைக்கு மேல" என்றால் பொருள் மலையைத் தாண்டி வெகுதூரத்தில். ஸ்டெல்லேரியம் செயலியில் ஊரையும் நேரத்தையும் போட்டுப் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் வேறு வேறு திசை சொன்னால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இரண்டு திசைகளையும் வரைபடத்தில் கோடாக இழுங்கள், வெட்டும் இடத்தில் பொருள். அங்கிருந்து உயரக் கோணத்தை வைத்து உண்மையான உயரம் கிடைக்கும். இப்போதுதான் அளவைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும் பேசத் தகுதி வருகிறது. நேரம், இரண்டு திசை, இரண்டு உயரம், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் கேட்டுப் பாருங்கள். வீடியோவையும் எடுத்துப் போங்கள், ஆனால் முதலில் தாளைக் கொடுங்கள்.